தமிழ்வழி இந்தி கற்போர் செய்யும் இலக்கணப் பிழைகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இந்தியைக் கற்கும்போது செய்யும் பிழைகள் பெரும்பாலும் தற்செயலானவை அல்ல. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம் படித்தவர்களும் ஒரே வகைப் பிழைகளைச் செய்கிறார்கள். தமிழ் இலக்கண விதிகளைத் தம்மை அறியாமலே இந்திக்குள் கொண்டு செல்வதே இதற்குக் காரணம்.

தமிழ் திராவிட மொழிக் குடும்பத்தையும், இந்தி இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தையும் சேர்ந்தவை. ஆனாலும் இரண்டின் சொல்வரிசை பெரிதும் ஒத்திருக்கிறது. 'மேசை மேல் புத்தகம் இருக்கிறது' என்பதை இந்தியில் 'மேஜ் பர் கிதாப் ஹை' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம். வினை இரண்டிலும் இறுதியில் வருகிறது. வேற்றுமைப் பொருள் தரும் சொல் இரண்டிலும் பெயருக்குப் பின்னால் வருகிறது. இந்த ஒற்றுமை தொடக்கத்தில் பெரிய உதவி. பிறகு இதுவே ஏமாற்றுகிறது. வரிசை ஒன்றாக இருப்பதால் மற்ற விதிகளும் ஒன்றாகவே இருக்கும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

பின்னணி

இந்திய அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாகக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் இந்தி கற்பித்தல் நீண்ட அரசியல் வரலாறு கொண்டது. தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா 1918இல் சென்னையில் காந்தியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அவருடைய மகன் தேவதாஸ் காந்தி இதன் முதல் பிரச்சாரகர். 1938இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்தது. 1940இல் அந்த ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. 1965இல் மீண்டும் போராட்டம் எழுந்தது. 1968இல் தமிழ்நாடு சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் கொண்ட இருமொழிக் கொள்கையை ஏற்றது.

இதனால் செஞ்சி போன்ற ஊர்களில் அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவருக்கு இந்தி பாடமாக அமைவதில்லை. கற்க விரும்புவோர் தனி வகுப்புகளில் சேர்ந்து சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேசிகா, விஷாரத், பிரவீண் ஆகிய தேர்வுகளை எழுதுகிறார்கள். வேறு சிலர் வட மாநிலங்களிலோ வளைகுடா நாடுகளிலோ வேலைக்குச் சென்று, பேச்சு வழியாகக் கற்கிறார்கள். இரு வகையினருக்கும் இலக்கணத்தைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்கினால் பிழைகள் விரைவில் குறையும்.

எழுத்தும் ஒலியும்

செஞ்சிப் பகுதியில் உள்ள தொண்டூரில் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. தமிழ் எழுத்தும் தேவநாகரியும் பிராமி மரபிலிருந்து வளர்ந்தவை என்பது கல்வெட்டறிஞர் பலரின் கருத்து. ஆனால் இரண்டும் தத்தம் மொழியின் தேவைக்கேற்ப வளர்ந்தன. தமிழில் 'க' என்னும் ஒரே எழுத்து சொல்லில் வரும் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறாக ஒலிக்கும். இந்தியில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் உண்டு. அவை பொருளையும் மாற்றும். ச, ட, த, ப ஆகியவற்றுக்கும் இவ்வாறே.

இந்தியில் 'உணவு' என்பதற்கும் 'பாட்டு' என்பதற்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'கானா' என்றே வரும். முதலாவது மூச்சை அழுத்தி விடும் 'க'. இரண்டாவது 'தங்கம்' என்பதில் உள்ள மெல்லொலிக் 'க'. தமிழ் நாக்கு அயல் ஒலிகளைத் தன் வழிக்கு மாற்றிக்கொள்வதற்குச் செஞ்சியிலேயே சான்று உண்டு. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு மடிந்த பந்தேல ராஜபுத்திரர் தேஜ் சிங்கின் பெயர் தமிழில் 'தேசிங்கு' ஆயிற்று. ஒரு பெயர் இப்படி மாறுவது இயல்பு. மொழி கற்கும்போது இந்தப் பழக்கம் தடையாகிறது.

இக்கட்டுரையில் இந்திச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. சரியான ஒலிப்பை அறியத் தேவநாகரி எழுத்தைப் பழகுவதே நல்லது.

பால் வேறுபாடு

தமிழர் செய்யும் பிழைகளில் முதன்மையானது பால் பற்றியது. தமிழில் பால் என்பது பொருளைச் சார்ந்தது. உயர்திணையில் ஆண்பால், பெண்பால், பலர்பால். அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால். வீடு, வண்டி, தண்ணீர் எல்லாம் அஃறிணை என்பதால் அவற்றில் ஆண், பெண் என்ற கேள்வியே எழாது.

இந்தியில் அஃறிணை என்ற பிரிவு இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருக்க வேண்டும். வீட்டைக் குறிக்கும் 'கர்' ஆண்பால். வண்டியைக் குறிக்கும் 'காடீ' பெண்பால். ஆகவே 'என் வீடு' என்பது 'மேரா கர்'. 'என் வண்டி' என்பது 'மேரீ காடீ'.

'ஆ' என முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால், 'ஈ' என முடிபவை பெரும்பாலும் பெண்பால் என்பது பயனுள்ள விதி. ஆனால் அன்றாடம் வழங்கும் சொற்களிலேயே விதிவிலக்குகள் பல:

'ஈ' என முடிந்தும் ஆண்பால்: பானீ (தண்ணீர்), தஹீ (தயிர்), கீ (நெய்), மோதீ (முத்து), ஹாதீ (யானை).
'ஆ' என முடிந்தும் பெண்பால்: ஹவா (காற்று), தவா (மருந்து), பாஷா (மொழி).

மெய்யெழுத்தில் முடியும் சொற்களுக்கு எளிய விதி இல்லை. 'கிதாப்' (புத்தகம்), 'மேஜ்' (மேசை) பெண்பால். 'காகஜ்' (காகிதம்) ஆண்பால். எனவே சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் ஓர் அடைமொழியோடு சேர்த்துக் கற்பது நல்ல வழி. 'கர்' என்பதற்குப் பதில் 'படா கர்' (பெரிய வீடு), 'காடீ' என்பதற்குப் பதில் 'படீ காடீ' என்று சொல்லிப் பழகினால் பால் தனியாக நினைவில் வைக்க வேண்டிய செய்தியாக இராது.

பேசுபவரின் பால்

'நான் போகிறேன்' என்று ஆணும் பெண்ணும் ஒரே விதமாகச் சொல்கிறார்கள். தமிழில் தன்மை, முன்னிலை வினைகள் பால் காட்டுவதில்லை. இந்தியில் ஆண் 'மைன் ஜாதா ஹூன்' என்றும், பெண் 'மைன் ஜாதீ ஹூன்' என்றும் சொல்ல வேண்டும். எதிர்காலத்திலும் 'ஜாவூங்கா', 'ஜாவூங்கீ' என இரண்டு உண்டு.

பாடநூல்கள் ஆண்பால் வடிவத்தை முதலில் தருவது வழக்கம். அதை அப்படியே மனப்பாடம் செய்யும் மாணவியர் தம்மைப் பற்றிப் பேசும்போதும் 'ஜாதா ஹூன்' என்றே சொல்லிவிடுகிறார்கள். மாணவியர் தொடக்கத்திலிருந்தே எல்லா எடுத்துக்காட்டுகளையும் பெண்பாலுக்கு மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும்.

கா, கே, கீ

தமிழில் 'ராமனுடைய' என்ற சொல் பின்னால் எது வந்தாலும் மாறாது. இந்தியில் உடைமையைக் குறிக்கும் சொல் மாறும்: 'ராம் கா பாயீ' (ராமனின் சகோதரன்), 'ராம் கீ பஹன்' (ராமனின் சகோதரி), 'ராம் கே பேட்டே' (ராமனின் மகன்கள்).

இங்கே நேரும் பிழை, உடையவரின் பாலைப் பார்ப்பது. சீதை பெண் என்பதால் 'சீதா கீ பாயீ' என்று எழுதிவிடுகிறார்கள். 'சீதா கா பாயீ' என்பதே சரி. பின்னால் வரும் சொல்லின் பாலையே கவனிக்க வேண்டும்.

பெயரின் திரிந்த வடிவம்

'கமரா' என்றால் அறை. 'அறையில்' என்பதற்குக் 'கமரா மேன்' என்று எழுதுவது பிழை. 'கமரே மேன்' என்பதே சரி. பின்னால் மேன், பர், கோ, ஸே போன்ற சொல் வரும்போது 'ஆ' என முடியும் ஆண்பால் பெயர்களில் பல 'ஏ' என மாறுகின்றன. பன்மையில் 'ஓன்' சேரும்: 'லட்கோன் கோ' (பையன்களுக்கு).

இது தமிழருக்குப் புதிய கருத்தன்று. 'மரம்இல்' என்று யாரும் சொல்வதில்லை, 'மரத்தில்' என்கிறோம். 'வீடு' என்பது 'வீட்டில்' ஆகிறது. 'ஆறு' என்பது 'ஆற்றில்' ஆகிறது. வேற்றுமை ஏற்கும்போது பெயர் மாறுவது இரு மொழிக்கும் பொது. வேறுபாடு ஒன்றுதான்: இந்தியில் முன்னால் நிற்கும் 'ஆ' ஈற்று அடைமொழியும் சேர்ந்து மாறும். 'படா கமரா' என்பது 'படே கமரே மேன்' ஆகும்.

'நே' பயன்பாடு

தமிழில் வினை எப்போதும் எழுவாயைப் பின்பற்றும். ராமன் தின்றான், சீதை தின்றாள். தின்னப்பட்டது எது என்பது வினையை மாற்றாது. இந்தியில் முற்றுப்பெற்ற செயலைக் கூறும் இறந்தகால வடிவங்களில், செயப்படுபொருள் குன்றாவினை வந்தால் எழுவாய் 'நே' ஏற்கும். வினை செயப்படுபொருளைப் பின்பற்றும்.

ராம் நே ரோட்டீ காயீ (ராமன் ரொட்டி தின்றான்).
சீதா நே ஆம் காயா (சீதை மாம்பழம் தின்றாள்).

ரொட்டி பெண்பால், மாம்பழம் ஆண்பால். ஆகவே ராமனுக்குப் பெண்பால் வினையும் சீதைக்கு ஆண்பால் வினையும் வந்துள்ளன. செயப்படுபொருள் 'கோ' ஏற்றால் வினை யாரையும் பின்பற்றாமல் ஆண்பால் ஒருமையில் நிற்கும்: 'ராம் நே சீதா கோ தேகா' (ராமன் சீதையைப் பார்த்தான்).

இதில் இருவகைப் பிழைகள் காணப்படுகின்றன. 'நே' வர வேண்டிய இடத்தில் விட்டுவிடுவது ஒன்று. விதியைக் கற்ற உற்சாகத்தில் எல்லா இடத்திலும் 'நே' சேர்ப்பது மற்றொன்று. 'மைன் நே கயா' என்பது பிழை. போதல் செயப்படுபொருள் குன்றியவினை ஆதலால் 'மைன் கயா' என்பதே சரி. நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் 'நே' வராது. லானா (கொண்டுவருதல்), பூல்னா (மறத்தல்), போல்னா (பேசுதல்) ஆகிய வினைகள் பொதுவாக 'நே' ஏற்பதில்லை.

வேற்றுமை மயக்கம்

'எனக்கு' என்ற தமிழ்ச் சொல்லை 'முஜே' என்று மாற்றுவது பல இடங்களில் பொருந்தும். 'எனக்குத் தேநீர் வேண்டும்' என்பது 'முஜே சாய் சாஹியே'. 'எனக்குத் தெரியும்' என்பது 'முஜே மாலூம் ஹை'. ஆனால் உறவினரைப் பற்றிச் சொல்லும்போது இது பொருந்தாது. 'எனக்கு இரண்டு சகோதரர்கள்' என்பதற்கு 'மேரே தோ பாயீ ஹைன்' என்று சொல்ல வேண்டும். 'என்னிடம் பணம் இருக்கிறது' என்பது 'மேரே பாஸ் பைசே ஹைன்'.

'ஐ' உருபைக் 'கோ' என்று மாற்றுவதிலும் கவனம் தேவை. 'நான் அவரைச் சந்தித்தேன்' என்பது 'மைன் உன் ஸே மிலா' ஆகும்; பெண் பேசினால் 'மிலீ'. 'உன் கோ மிலா' என்றால் 'அவருக்குக் கிடைத்தது' என்று பொருள் மாறிவிடும்.

அப்னா

'நான் என் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்பதை 'மைன் மேரீ கிதாப் பட்தா ஹூன்' என்று எழுதுவது பரவலான பிழை. உடைமை எழுவாய்க்கே உரியதாயின் இந்தியில் 'அப்னா' (அப்னே, அப்னீ) வரும்: 'மைன் அப்னீ கிதாப் பட்தா ஹூன்'. தமிழில் 'தன்' படர்க்கைக்கு மட்டுமே உரியது. இந்தி 'அப்னா' தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது.

பயனிலையும் மரியாதையும்

'அவர் ஆசிரியர்' என்பது தமிழில் முழுமையான வாக்கியம். இந்தியில் இறுதியில் 'ஹைன்' தேவை: 'வே அத்யாபக் ஹைன்'. இதை விட்டுவிடுவது தொடக்கநிலை மாணவரிடம் காணப்படும் பிழை.

தமிழில் 'நீ', 'நீங்கள்' என இரண்டு நிலை. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று. பெரியவரிடமும் அறிமுகமற்றவரிடமும் 'ஆப்' பயன்படுத்தி 'ஜாயியே', 'பைட்டியே' என்று சொல்வதே பாதுகாப்பானது. தந்தையைப் பற்றிப் பேசும்போது 'பிதாஜீ ஆதே ஹைன்' எனப் பன்மை வினை வரும். தமிழின் 'அப்பா வருகிறார்' என்பதை நினைவில் கொண்டால் இது எளிது. இலக்கணப் பிழையைக் கேட்பவர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார். மரியாதைப் பிழை அவரைப் புண்படுத்தக்கூடும்.

தொடர் அமைப்பு

'அவன் நாளை வருவதாகச் சொன்னான்', 'நாளை வருவேன் என்று சொன்னான்' என்று தமிழில் சொன்ன செய்தி முதலில் வரும். இந்தியில் 'உஸ் நே கஹா கி மைன் கல் ஆவூங்கா' எனச் சொல்லுதல் முதலிலும் செய்தி பிறகும் வரும். 'கல்' என்பது நேற்று, நாளை இரண்டையும் குறிப்பதால் வினையின் காலமே பொருளைத் தெளிவாக்கும்.

தவிர்க்கும் முறை

எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். பெயர்ச்சொற்களின் பால் என்ன? பெயருக்குப் பின் மேன், கோ, கா போன்ற சொல் வந்திருக்கிறதா. வந்திருந்தால் பெயர் மாறியிருக்கிறதா? வினை இறந்தகாலத்திலும் செயப்படுபொருள் குன்றாததாகவும் இருக்கிறதா. இருந்தால் 'நே' உண்டா? மேற்கண்ட பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

இதே சிக்கல் எதிர்த்திசையிலும் உண்டு. தமிழ்நாட்டுக்கு வேலைக்கு வரும் இந்தி மொழியினர் தமிழ் கற்கும்போது 'வண்டி வந்தாள்' என்று சொல்லக்கூடும். அவர்களுக்கு வண்டி பெண்பால். தத்தம் தாய்மொழியின் ஒழுங்கை மற்ற மொழியிலும் எதிர்பார்ப்பதால் இரு தரப்பிலும் இத்தகைய பிழைகள் நேர்கின்றன. ஆகவே தமிழ் இலக்கணத்தைத் தெளிவாக அறிந்த மாணவர், இந்தி எங்கே வேறுபடுகிறது என்பதையும் எளிதில் கண்டுகொள்வார்.