செயற்பாட்டு விரியலாக்கியின் இறுதிக் கட்டம்

வானொலி நிலையங்களிலும் இசையரங்குகளிலும் ஒலிவாங்கி தரும் நுண்ணிய மின்குறி, கருவிகள் பலவற்றைக் கடந்தே ஒலிபெருக்கியை அடைகின்றது. அக்கருவிகளுள் உறுப்பாய் அமைவது செயற்பாட்டு விரியலாக்கி. அதன் முற்பகுதி குறியைப் பெருக்கும். இறுதிக் கட்டமோ பெருகிய குறியை வெளியே செலுத்துதற்கு வேண்டிய மின்னோட்டத்தை வழங்கும். முற்பகுதி எத்துணைச் செவ்விதாயினும், இறுதிக் கட்டம் தளருமேல் பயனில்லை. ஆகலின் அதன் அமைப்பினை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முதற்கண் சுமையை அறிதல் வேண்டும். தொலைபேசித் துறையினின்றும் வந்த 600 ஓம் என்னும் தடை, ஒலித்துறையில் நெடுங்காலம் அளவுகோலாய் நின்றது. அதற்கு 7.75 வோல்ற்றுக் குறியை அளிப்பதாயின், அலையின் உச்சியில் ஏறக்குறைய 11 வோல்ற்றும் 18 மில்லியம்பியரும் வேண்டும். அக்குறி செக்கனுக்கு 20,000 அதிர்வு உடையதாயின், அழுத்தம் மைக்குரோசெக்கனுக்கு 1.4 வோல்ற்று வரை மாறவல்லதாதல் வேண்டும். 1968இல் வெளிவந்த 741 என்னும் சில்லின் வேகம் 0.5 வோல்ற்றே, ஆதலின் அஃது இப்பணிக்குப் போதாது. பின்னர் வந்த 5532 என்பது 9 வோல்ற்று வேகத்துடன் 600 ஓம் சுமையையும் தாங்குவது.

இனி, இறுதிக் கட்டத்தில் திரான்சிற்றர்கள் இரண்டு உள. ஒன்று அலையின் மேற்பாதியையும் மற்றையது கீழ்ப்பாதியையும் சுமக்கும். ஏறக்குறைய 0.6 வோல்ற்றுப் பெற்றாலன்றிச் சிலிக்கன் திரான்சிற்றர் தொழிற்படாது. எனவே பணி கைமாறும் இடத்தில் இரண்டும் வாளாவிருக்க, அலையில் இடைவெளி விழும். உயிரீறும் உயிர்முதலும் புணருங்கால் உடம்படுமெய் தோன்றி இணைத்தல் போல, இங்கு இரண்டினூடும் எப்பொழுதும் ஓடும் சிறு மின்னோட்டம் அவ்விடைவெளியை நிரப்பும். பேரொலியில் இக்குறை மறையும். மெல்லிய ஆலாபனையிலோ வெளிப்பட்டு உறுத்தும். திரான்சிற்றர் சூடேறின் அதற்கு வேண்டிய அழுத்தம் பாகைக்கு 2 மில்லிவோல்ற்றளவு குறைய, ஓட்டம் பெருகி மேலுஞ் சூடேறும். இதனைத் தடுத்தற்கு, ஓட்டத்தை நிறுவும் இருவாயியை அவற்றின் வெப்பத்தை உணருமாறு அணித்தே வைத்துச் சிறு தடைகளையும் சேர்ப்பர்.

பின்னூட்டல் எல்லாப் பிழையையும் திருத்துமே எனின், முற்றும் திருத்தாது. அதிர்வெண் உயர உயரப் பின்னூட்டலின் வலி குறையும். கைமாற்றத்திற் பிறக்கும் திரிபோ உயர் அதிர்வெண்களிலேயே மிகும். ஆகலின் இறுதிக் கட்டம் தன்னளவிலேயே செம்மையுடைத்தாதல் வேண்டும். பின்னூட்டல் அதற்குத் துணையேயன்றி மாற்றன்று.

இறுதியாக வடத்தைக் கருதுவாம். மீற்றருக்கு 100 பிக்கோபரட்டுக் கொள்ளளவமுள்ள வடம் 100 மீற்றர் நீளின், 10,000 பிக்கோபரட்டு ஆகும். அச்சுமையாற் பின்னூட்டல் காலந்தாழ்த்து வர, விரியலாக்கி தானே அலைவுறத் தொடங்கும். மேசைமேற் பழுதின்றி இயங்கிய கருவி அரங்கிற் பிழைத்தற்கு இஃதொரு காரணம். பின்னூட்டல் வளையத்திற்குப் புறத்தே 50 முதல் 100 ஓம் தடையொன்றைத் தொடராக வைப்பின் அலைவு அடங்கும். இக்காலத்து ஏற்கும் கருவிகளின் தடை பெரும்பாலும் 10,000 ஓமும் அதற்கு மேலும் ஆதலின், இதனால் நேரும் இழப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது.

ஆகவே, விரியலாக்கி அமைக்கப் புகும் மாணவர் பெருங்குறியால் மட்டும் அதனைச் சோதித்து அமையற்க. மெல்லிய குறியும், நீண்ட வடமும், சூடேறிய நிலையும் ஆகிய மூன்றிலும் பிழையாது நிற்பதே நல்ல இறுதிக் கட்டமென்க.