ஞானப்பல் படுத்தும் பாடு

ஊருக்கெல்லாம் தீபாவளி ஒரு நாள். சிவகாசிக்குப் பக்கத்திலுள்ள நாரணாபுரத்துக்கோ தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ஓய்வில்லாத வேலை. அப்படி வேலை மும்முரமாக இருக்கும் ஒரு நாள் காலையில், குழாயடிக்கு ஒரு பெண் முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன மதினி, கன்னத்திலே கொழுக்கட்டையை அடக்கி வச்ச மாதிரி இருக்கு?"

"கடைவாய்ப் பல்லு, தாயி. மூணு நாளா வாயைத் தொறக்க முடியலை. கிராம்பு வச்சுப் பார்த்தேன், கேக்கலை."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே?"

"போனாப் பிடுங்கிடுவாக. பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்னு எங்க அத்தை சொல்றாக. அதோட நாலு நாள் கூலியும் போயிடுமே!"

கண் போய்விடும், கூலி போய்விடும்! இந்த இரண்டு பயங்களும் நம்மில் பலரை வலியோடு காலம் தள்ள வைக்கின்றன. இவற்றில் ஒன்று வெறும் பயம். மற்றொன்று நியாயமான கவலை. இரண்டையும் பார்ப்போம்.

ஞானமும் காதலும்

வாயின் கோடியில், மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கடைசியாக முளைக்கும் பற்களே ஞானப்பற்கள். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். புத்தி தெளிகிற வயதில் வருவதால் ஞானப்பல் என்று பெயர். கொரியா தேசத்தார் இதையே 'காதல் பல்' என்கிறார்கள். ஜப்பானியரோ 'பெற்றோர் அறியாத பல்' என்கிறார்கள். அந்த வயதில் நடப்பவை எல்லாம் பெற்றோருக்கா தெரிகின்றன!

எல்லாருடைய தாடையிலும் இந்தக் கடைசி விருந்தாளிக்கு இடம் இருப்பதில்லை. கூட்டமான பஸ்ஸில் ஏறியவரைப் போல், பல் சாய்ந்துகொண்டோ, படுத்துக்கொண்டோ, பாதி ஈறுக்குள் புதைந்தோ நின்றுவிடும். பாதி மூடிய ஈறுக்கடியில் சோற்றுப் பருக்கை சிக்கி, சீழ் பிடித்து, வீங்கிப் போகும். பக்கத்துப் பல்லும் சொத்தையாகலாம்.

அதற்காக எல்லா ஞானப்பற்களையும் பிடுங்கியே தீரவேண்டும் என்பதில்லை. நேராக முளைத்து, தொந்தரவு தராமல், துலக்குவதற்கு எட்டுகிற பல் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அடிக்கடி வீங்குவது, சொத்தை விழுந்து அடைக்க முடியாமல் போவது, பக்கத்துப் பல்லைக் கெடுப்பது, இவைதான் முக்கிய காரணங்கள். எக்ஸ்ரே படம் பார்த்து டாக்டர் முடிவு சொல்வார்.

கண் போகுமா?

போகாது. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வைக்கான நரம்பு வேறு. பல் பிடுங்கியதால் பார்வை மங்குவதில்லை. ஆனால் கீழ்த்தாடையில் பல்லை ஒட்டி நரம்புகள் ஓடுகின்றன. அவை சிலருக்கு நலுங்கி, உதட்டிலோ நாக்கிலோ மரத்த உணர்ச்சி சில வாரங்கள் நீடிக்கலாம்; அபூர்வமாக நிலைத்தும் விடலாம். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "என் பல்லின் வேர் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?"

வலியைப் பற்றிய பயமா? அந்தப் பயத்தைத் தீர்த்த கதையே ஒரு ஞானப்பல்லில்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் நகரத்துப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ், 1844 டிசம்பர் 10-ஆம் தேதி ஒரு வேடிக்கைக் காட்சிக்குப் போனார். சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததைக் கண்டார். மறுநாளே அந்த வாயுவைத் தாமே முகர்ந்து, தம் ஞானப்பல்லை இன்னொரு வைத்தியரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி தெரியவில்லை! இன்று அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியே போதும். அழுத்துவதும் அசைப்பதும் தெரியும், வலி தெரியாது. தெரிந்தால் கையைத் தூக்கிக் காட்டுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

தீப்பெட்டியும் தாடையும்

தீப்பெட்டி வட்டாரத்துக்காரர்கள் அறியவேண்டிய பழைய சரித்திரம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டுத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளை பாஸ்பரஸை உபயோகித்தார்கள். அதன் புகை சொத்தைப் பல் வழியாகவும், பல் பிடுங்கிய குழி வழியாகவும் புகுந்து தாடை எலும்பையே அழுகச் செய்தது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் செய்த வேலை நிறுத்தத்தின்போது இந்தக் கொடுமையும் ஊருக்கு வெளிச்சமாயிற்று. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் இதைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது.

சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். அதாவது, சட்டம் வந்து பத்து வருஷம் கழித்து. நம் வட்டாரத்துத் தாடைகள் தப்பிப் பிழைத்தது இப்படித்தான்! ஆனாலும் பாடம் ஒன்று மிஞ்சுகிறது. பல் பிடுங்கிய குழி ஒரு திறந்த புண். வெடிமருந்துத் தூள் படிந்த கையோடு அதைத் தொடாதீர்கள். தீக்குச்சியால் பல் குத்தும் பழக்கத்துக்கும் அன்றோடு முழுக்குப் போடுங்கள்.

போகுமுன்

காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். ரத்தம் நிற்காவிட்டால் பகலிலேயே திரும்பிப் போய்க் காட்டலாம். ஊசி போட்டுப் பிடுங்குவதானால் வெறும் வயிற்றோடு போகக்கூடாது. நாலு இட்லி சாப்பிட்டு, பல் துலக்கிவிட்டுப் போங்கள். மயக்கம் கொடுத்துச் செய்வதானால் எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டர் சொல்வார், அதன்படி நடக்கவேண்டும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும்.

சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, இருதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம், ஒத்துக்கொள்ளாத மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக்கூடாது, டாக்டரைக் கேட்கவேண்டும்.

முதல் நாள்

குழியில் வைக்கும் பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள். குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் இயற்கை போடும் மூடி. அது நழுவிவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை தெறிக்கும் வலி வரும். அதனால் முதல் நாள் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், உறிஞ்சுகுழல் வைத்துக் குடிக்காதீர்கள். பீடி, சிகரெட், வெற்றிலை, புகையிலை எதுவும் வேண்டாம். சில நாட்களுக்காவது அவற்றை மறந்திருங்கள்.

உதடு மரத்திருக்கும் சில மணி நேரமும் எதையும் மெல்லாதீர்கள்; கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். மரப்பு தெளியும் முன்பே, டாக்டர் சொன்ன வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்கி வைப்பவர்களும் உண்டு. அது ஈறைப் புண்ணாக்கும், விழுங்கத்தான் வேண்டும். கன்னத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கால் மணி நேரம் வைப்பதும், கால் மணி நேரம் எடுப்பதுமாக இருங்கள். சுடுதவிடு ஒத்தடம் முதல் நாள் கூடாது. இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுங்கள்.

எச்சிலில் லேசாகச் சிவப்பு கலந்தால் பயமில்லை. வாய் நிறைய ரத்தம் வந்தால், சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்து மடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் கடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு

மறுநாள் முதல், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மெதுவாக அலம்புங்கள். ஆறிய நொய்க்கஞ்சி, குழைந்த மோர் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய கேழ்வரகுக் கூழ் இவை நல்லவை. காரசேவுக்கும் முறுக்குக்கும் கொஞ்ச நாள் விடுமுறை! வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறி, பின்பு வடியும். வாய் திறப்பது சில நாள் கஷ்டமாக இருக்கும். தையலை எடுக்கவேண்டுமானால் ஒரு வாரத்தில் எடுப்பார்கள்.

வடியவேண்டிய வீக்கம் ஏறிக்கொண்டே போனால், ஜுரம் வந்தால், மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள். பல் பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும், தாடைக்கடியில் வீங்கி எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். அந்தச் சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கூலிக் கணக்கு

இனி அந்த நியாயமான கவலை. இ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளி, தகுதியான அளவு நாட்கள் சந்தா கட்டியிருந்து டாக்டர் சான்று கொடுத்தால், விடுப்புக்குச் சராசரி கூலியில் 70 சதவிகிதம் உண்டு. பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. சந்தாவே இல்லாமல் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இந்த உதவி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிதான் அவர்களுக்குத் துணை. 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் நடக்கிறது.

ஆகவே முதல் தடவை சுருக்கென்று வலித்தவுடனே காட்டிவிடுங்கள். அவசரமில்லை என்று டாக்டர் சொன்னால், தீபாவளி முடிந்து வேலை ஓயும் நாட்களில் பிடுங்கிக்கொள்ளலாம். வீங்கிவிட்ட பிறகு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

குழாயடிப் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லக்கூடிய பதிலும் இதுதான்:

"நாலு நாள் கூலிக்குப் பயந்து நாப்பது நாள் படுக்கப் போறீகளா மதினி? குடத்தை வையுங்க. நான் துணைக்கு வாரேன்."