பின்னால் வரும் வண்டி ஏன் ஆடுகிறது?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிக்கப் வண்டிகள் படகையோ குதிரைப் பெட்டியையோ டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்வது சாதாரணக் காட்சி. இதற்கு எஞ்சின் பலம் மட்டும் போதும் என்றுதானே நினைக்கிறீர்கள்? போதாது.

டிரெய்லரின் மொத்த எடை 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 முதல் 150 கிலோ வரை பிக்கப்பின் இணைப்புக் குண்டின் மேல் அழுத்த வேண்டும். சுமையைப் பின்பக்கமாக அடுக்கிவிட்டால், பக்கக் காற்று சற்றே தள்ளினாலும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் கூடினால் ஆட்டமும் வலுத்து, முன்வண்டியையே புரட்டிவிடக்கூடும். அப்போது பதறிப்போய்ப் பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். இதற்கான விசை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தப்பட்டிருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் முன்பக்கமே ஏற்றிவிடலாமா? அதுவும் ஆபத்துதான்! நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? பிக்கப்பின் பின் அச்சுதான் இங்கே தாங்குபுள்ளி. குண்டு கீழே அழுந்தினால் முன் சக்கரங்கள் மேலெழப் பார்க்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

குண்டிலிருந்து இணைப்பு கழன்றுவிட்டால்? இரண்டு சங்கிலிகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டியிருப்பார்கள். டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் இந்தச் சங்கிலித் தூளியில் விழும். சங்கிலிகளும் அறுந்தால், தனிக் கம்பி ஒன்று ஓர் ஊசியைப் பிடுங்கும். உடனே டிரெய்லரிலுள்ள பேட்டரி அதன் பிரேக்கை இயக்கிவிடும்.