பத்து ரூபாய் பல்பும் பருவநிலையும்

கரியமில வாயுவைக் குறைப்பது பற்றிப் பேச்செடுத்தால், "அது உலகத் தலைவர்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம், நம் வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சம்பந்தம் நம் தலைக்கு மேலேயே எரிகிறது.

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை ஏறக்குறைய 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடும். தினம் 5 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 93 யூனிட் மிச்சம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட் ஒன்றுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு பல்பை மாற்றினால் ஆண்டுக்கு 65 கிலோ குறையும்.

கணக்கு எளிதுதான்; விலைதான் தடை. குண்டு பல்பு பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த 2014-ல், அரசு சார்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பே 310 ரூபாய். பின்னால் மிச்சமாகும் என்று தெரிந்தாலும், அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துபவர் முன்பணத்துக்கு எங்கே போவார்?

அரசு அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தானே பெரிய வாடிக்கையாளர் ஆயிற்று. புதுச்சேரியில் தொடங்கிய முயற்சி, 2015 ஜனவரியில் நாடெங்கும் விரிந்து பின்னர் 'உஜாலா' எனப் பெயர் பெற்றது. கோடிக்கணக்கில் டெண்டர் கோரியதும் உற்பத்தியாளர்கள் போட்டி போட்டனர். 2016-ல் கொள்முதல் விலை 38 ரூபாயாக இறங்கியது. மின் கட்டணத்தோடு தவணையாகச் செலுத்தும் வசதியும் பல இடங்களில் இருந்தது. இத்திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளைச் சேர்ந்தன. அரசு மானியம் ஏதுமின்றி இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மொத்தக் கொள்முதல் ஒரு வழி, தரக்கட்டுப்பாடு இன்னொன்று. 2006-ல் வந்த நட்சத்திர முத்திரை, 2010 முதல் சில வகைக் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் ஏ.சி.களுக்கும் கட்டாயமாயிற்று. அளவுகோலும் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. ஆகவே ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டுமல்ல, முத்திரையில் அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். மூன்றாவது வழி வரி. ஸ்வீடன் 1991-லேயே கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. பிரிட்டனில் அத்தகைய கட்டணமும் சேர்ந்து நிலக்கரி மின்சாரத்தைக் கட்டுப்படியாகாமல் செய்தது. அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது.

வரி மட்டும் போதுமா? ஏழைக்கு மாற்றுவழி காட்டாமல் வரி போட்டால் அது தண்டனை. பல்பு மட்டும் போதுமா? அதுவும் போதாது. தில்லிக் கோடையில் ஏ.சி.கள் பெருகிக்கொண்டே போகின்றன. மின்நிலையம் நிலக்கரியில் ஓடும்வரை நம் சிக்கனம் பாதி வேலைதான்.

ஒரு திட்டம் நல்லதா என்று அறிய நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றே: நல்ல பொருளை ஏழைக்கும் எட்டும் விலையில் தருகிறதா? தந்தால் மக்கள் தாமே மாறுவார்கள்.