முதல்ல எந்த ஸ்க்ரூ?

டீ சூடா இருக்கு, மெதுவா குடி தம்பி. உன் ஆர்எக்ஸ் 100 சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுதுன்னு ஐடிலிங் ஸ்க்ரூவை ஏத்தி விட்டிருக்கே. எல்லாரும் செய்யறதுதான். ஆனா அது கார்ப்பரேட்டருக்குள்ள இருக்கற ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பெட்ரோல்-காத்து கலவை கெட்டுக் கிடந்தா அப்படியேதான் கிடக்கும். வண்டி நிக்காது, சரி. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் இரைச்சல் அடங்காது.

ஒரு கிராம் பெட்ரோல் ஒழுங்கா எரிய 14.7 கிராம் காத்து வேணும். ஐடிலிங்ல அந்தக் கணக்கைப் பாக்கறது ஏர் ஸ்க்ரூ. உன் டூ ஸ்ட்ரோக் வண்டில அது ஏர் ஃபில்டர் பக்கமா இருக்கும். உள்ள முறுக்கினா காத்து குறையும், வெளிய எடுத்தா கூடும். பல நாலு ஸ்ட்ரோக் வண்டில ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும். அங்க எல்லாம் தலைகீழ்: வெளிய எடுத்தா பெட்ரோல் கூடும். இது தெரியாம ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கினா பொழுது போயிடும்.

ஒரு ரவுண்டு ஓட்டி இன்ஜினை நல்லா சூடாக்கு. சோக் ஆஃப்ல இருக்கணும். இன்ஜினை நிறுத்திட்டு ஏர் ஸ்க்ரூவை முட்டற வரைக்கும் மட்டும் உள்ள விடு; இறுக்கினா முனை நசுங்கிடும். அங்கிருந்து ஒன்றரை சுத்து வெளிய எடு. ஆரம்பத்துக்கு அது போதும். திரும்ப ஸ்டார்ட் பண்ணி, கால் கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்பு. திருப்பின உடனே முடிவு கட்டாதே, இன்ஜினுக்கு நாலஞ்சு செகண்ட் குடு. ஒரு இடத்துல தானா வேகம் ஏறி, சத்தம் சீராகும். அங்க விட்டுடு. ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கறது அதுக்கப்புறம்தான். இறக்கினதும் ஏர் ஸ்க்ரூவை இன்னொரு தடவை தொட்டுப் பாத்துக்கோ.

இப்ப ஆக்ஸிலேட்டரை வெடுக்குன்னு முறுக்கு. ஒரு நொடி அடைச்சிட்டு அப்புறம் எடுத்தா பெட்ரோல் பத்தல. புகையைக் கக்கி, கனமா எடுத்தா அதிகம். கால்வாசிக்கு மேல முறுக்கும்போது திணறினா ஸ்லைடுல தொங்கற நீடிலைப் பாக்கணும். க்ளிப்பை ஒரு காடி கீழ மாத்தினா நீடில் மேல ஏறும், பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டுக்கு வேலை முழுசா முறுக்கும்போதுதான். ஐடிலிங்குக்காக அதை மாத்தலாம்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடு.

ஏர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் இன்ஜின் கண்டுக்கலையா? ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடற பைலட் ஜெட் அடைச்சிருக்கும். மாசக்கணக்குல நின்ன வண்டில பெட்ரோல் பிசினா ஒட்டிக்கும். கழட்டி க்ளீனர் அடி, காத்து அடி. கம்பி விட்டுக் குத்தாதே, ஓட்டை பெருசாயிடும். முறுக்கி விட்டதும் வேகம் இறங்காம அப்படியே தொங்குச்சுன்னா, கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாரு. டூ ஸ்ட்ரோக்ல இதை அலட்சியமா விட்டா பிஸ்டன் ஜாம் ஆயிடும்.

இன்னொண்ணு. ஐடிலிங்ல ஓடும்போது ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பு. சத்தம் ஏறினா கேபிள் இழுத்துட்டு இருக்கு. மத்த எதையும் தொடறதுக்கு முன்னாடி அட்ஜஸ்டர்ல அதைக் கொஞ்சம் தளர்த்திக்கோ.