சுமப்பதும் சுமக்கப்படுவதும்



நெடுநாள் நோயுடன் வாழ்பவர்கள் மருத்துவரிடம் சொல்லும் சொற்களில், மருந்துச் சீட்டில் விடை எழுத முடியாத ஒன்று உண்டு. "பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன், டாக்டர்" என்பதே அது. துணைக்கு வந்தவர் அறையை விட்டு வெளியே சென்ற பிறகு, தாழ்ந்த குரலில் அதைச் சொல்வார்கள். இறப்பை அஞ்சுவோரைக் காட்டிலும், இறப்பு வருமுன்பே தம் வாழ்வு பொருளற்றுப் போயிற்றோ என அஞ்சுவோரையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். அந்த அச்சத்தைக் குறித்து, மலைநடை எனக்குக் கற்பித்த சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மலையின் முன் மனித ஆயுள்

பழனியிலிருந்து தெற்கே நோக்கினால் கொடைக்கானல் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். ஓய்வு கிடைக்கும் நாள்களில் அம்மலைகளில் நடப்பது என் வழக்கம். முதல் ஒரு மணி நேரம் வரை மருத்துவமனை நினைவுகள் கூடவே வரும். ஏற்றம் கடுமையாகும்போது மூச்சும் அடுத்த அடியும் மட்டுமே மிஞ்சும்.

நம் காலடியில் கிடக்கும் அப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றின் கணக்கில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவருக்கும் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவருக்கும் வேறுபாடு இல்லை. அம்மலைச் சரிவுகளில் வளரும் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006இலும் 2018இலும் பூத்தது. நிறைவாழ்வு வாழ்ந்த ஒருவர் அதன் பூப்பை ஆறேழு முறை காணலாம், அவ்வளவே. குறிஞ்சிச் செடியோ ஒரே முறை பூத்து, விதை தந்து, மடிந்துவிடுகிறது. அதன் வாழ்வைக் குறையுடையது என்று எவரும் சொல்வதில்லை.

இந்த எண்ணம் முதலில் மனத்தைச் சிறுமைப்படுத்துவதுபோல் தோன்றும். சற்றே பொறுத்திருந்தால் அது ஆறுதலாகவும் மாறும். வாழ்வின் மதிப்பை ஆண்டுகளால் அளக்க இயலாதெனில், வேறு எதனால் அளப்பது? அதற்கான விடையை ஒரு மலைச் சிற்றூரில் கண்டேன்.

வெள்ளகவியின் டோலி

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து பெரியகுளம் பக்கமுள்ள கும்பக்கரைக்கு இறங்கும் பழைய நடைபாதையில் இருப்பது வெள்ளகவி. மோட்டார் சாலை அமைவதற்கு முன், சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு மக்கள் ஏறிச் சென்ற வழிகளுள் அதுவும் ஒன்று. ஊரையே கோயிலாகக் கருதி, எல்லைக்குள் காலணி அணியாத மக்கள் அங்கு வாழ்கின்றனர். வாகனம் செல்லும் சாலை இல்லாமலே தலைமுறைகள் கழிந்த ஊர் அது. காப்பியும் பழங்களும் குதிரை முதுகில் ஏறிச் சென்றன. நோயாளிகள் மனிதர் தோளில் சென்றனர்.

பிள்ளைப்பேறு கடினமான பெண்ணையும், நெஞ்சுவலி கண்ட முதியவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, பல கிலோமீட்டர் செங்குத்தான பாதையில் அவ்வூரார் நடந்தனர். டோலி தூக்குவதில் ஒரு முறைமை உண்டு. ஒருவரே இறுதிவரை சுமப்பதில்லை; களைத்தவர் சொன்னவுடன் அடுத்தவர் தோள் கொடுப்பார். டோலியில் கிடப்பவர் தம்மைப் பாரம் என்று எண்ணக்கூடும். ஆனால் அவரும் இளமையில் எத்தனையோ பேருக்குத் தோள் கொடுத்தவரே. அந்தப் பாதையில் சுமப்பவர், சுமக்கப்படுபவர் என்று இரு சாதி மனிதர் இல்லை. காலம் ஒருவரையே இரண்டுமாக ஆக்குகிறது.

சாலை இல்லாமை ஒரு குறைதான், அதைப் போற்றுவதற்கில்லை. காலம் தாழ்ந்தால் உயிர் போகும் என்பதை மருத்துவர் எவரும் அறிவர். நான் வியப்பது அத்துன்பத்திலும் ஒருவரையும் தனியே விடாத மனிதரை.

இடும்பன் சொல்வது

இதே பொருளைப் பழனிக்கு வருவோர் அனைவரும் கண்ணால் காண்கிறார்கள். அகத்தியரின் சொல்லுக்கிணங்க சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தோளில் சுமந்து வந்தவன் இடும்பன். இங்கே இளைப்பாற இறக்கியவன் மீண்டும் தூக்க இயலாது தவித்தான்; முருகனோடு பொருது வீழ்ந்தான். பின்பு அவன் மனைவியும் அகத்தியரும் வேண்ட, உயிர் பெற்றான். காவடியின் தோற்றமாகச் சொல்லப்படும் இக்கதையில் என்னை ஈர்ப்பது ஒன்று. பெருவலி படைத்தவனும் ஓரிடத்தில் சுமையை இறக்க வேண்டியிருந்தது. அவனுக்காக வேண்டுவதற்கு வேறு இருவர் தேவைப்பட்டனர். எந்தச் சமயத்தவரும் இக்கருத்தை ஏற்பர் என்றே நினைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

நோயாளிகளுக்கு: உங்களைப் பராமரிப்பவரின் கைகளுக்கு நீங்கள் தரக்கூடியது இன்னும் உண்டு. நன்றிச் சொல், பழைய மனத்தாங்கலுக்கு ஒரு முடிவு, குடும்பக் கதைகள், தொழில் நுணுக்கங்கள் ஆகியவற்றைப் படுக்கையிலிருந்தே தரலாம். உங்கள் விருப்பங்களை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குணமாகும் வாய்ப்பற்ற இறுதி நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும்.

குடும்பத்தினருக்கு: டோலி தூக்குவோரின் முறைமையைக் கைக்கொள்ளுங்கள். ஒரே மகளோ மருமகளோ இரவும் பகலும் சுமக்க, மற்றவர் பார்த்திருப்பது நெடுநாள் நிலைக்காது. முறை வகுத்துக்கொள்ளுங்கள். களைத்தவர் "இனி முடியவில்லை" என்று கூசாமல் சொல்ல இடம் கொடுங்கள். வீட்டிலேயே நோய்த் தணிப்புச் சேவையும் இயன்முறை சிகிச்சையும் பெற, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் உதவும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

மலையேற விரும்புவோருக்கு: இதய, நுரையீரல் நோயுள்ளவர்கள் பழனி மலைப் படிகளில் ஏறுமுன் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ, அடங்காத மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நின்று உதவி கோருங்கள். விஞ்ச்சிலும் ரோப்காரிலும் செல்வது பக்தியில் குறைவாகாது. அதுவும் சுமக்கப்படுதலே.

பிறந்தபோது நம்மைச் சுமந்தார்கள்; இறுதியிலும் நால்வர் சுமப்பார்கள். இடையில் சிலகாலம் பிறரைச் சுமக்கும் வலிமை நமக்குக் கிட்டுகிறது. நோயுற்றவர் அவ்வலிமையை முன்பே செலவிட்டவர். இப்போது ஓய்வாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே, "பாரமாகிவிட்டேன்" என்று உங்கள் வீட்டில் யாரேனும் சொன்னால், உடனே மறுத்துப் பேசிவிட்டு எழுந்து போகாதீர்கள். அருகில் அமருங்கள். அவர் யார் யாரைச் சுமந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.