வால்பாறை இறக்கமும் வாடகை காரும்

நானும் என் மனைவியும் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போயிட்டு வந்தோம். சுமார் 65 கிலோமீட்டர்தான். அதுக்குள்ளேயே தென்னந்தோப்பு, ஆழியாறு அணை, பாறைச் சரிவு, காடு, தேயிலைத் தோட்டம்னு எல்லாம் வந்துடும். நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறும்போது சிக்கல் இல்லை. இறங்கும்போது பாதி வழியில் ஏதோ கருகுற வாடை. "பிரேக் சூடாயிடுச்சுடா, ஓரமா நிறுத்து"ன்னா அவ. சென்னை ரோட்டில் பழகின கால், பிரேக்கை விடவே இல்லை.

பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா, உரசலில் பேடும் டிஸ்க்கும் சூடேறும். சூடு எல்லை மீறினால் பிடிமானம் குறையும்; எவ்வளவு அழுத்தினாலும் வேகம் சரியா குறையாது. அதனால் இறக்கத்தில் இரண்டாவது கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர். என்ஜினே வண்டியைப் பிடிச்சு வைக்கும். வளைவுக்கு முன்னாடி மட்டும் பிரேக். நியூட்ரல் கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் கார்னா, குறைந்த கியரில் எப்படி நிறுத்தி வைக்கிறதுன்னு சாவி வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். வாடகை ஒப்பந்தத்தில் ரெண்டு பேர் லைசென்ஸும் கொடுத்திருந்தோம். மிச்ச வளைவுகளை அவதான் இறக்கினா.